ஐம்பத்து மூன்று மணி: பராக்கில்லாமல் செபமாலை சொல்லி முடிக்க

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை தொடங்கும்போது சொல்லிவரும் பழைய முன்னுரைச் செபத்தில் ஒரு வரி உண்டு: இந்தச் செபத்தைப் பக்தியோடே செய்து "பராக்கில்லாமல் முடிக்கத் தேவரீருடைய ஒத்தாசை கட்டளை பண்ணியருளும் சுவாமீ." இதை எழுதியவருக்குச் செபமாலையில் எங்கே சிக்கல் வரும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. மணிகளை உருட்டுவது எளிது, மந்திரங்கள் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். கடினம் முழுவதும் பராக்கில்தான். வாய் மாதாவை வாழ்த்திக்கொண்டிருக்கும், மனம் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போயிருக்கும்.

மாலையின் அமைப்பு, சொல்லும் முறை, கிழமைக் கணக்கு, குடும்பமாகச் சொல்லும்போது வரும் தடுமாற்றங்கள் எல்லாம் கீழே வரிசையாக வருகின்றன. புதிதாகக் கற்பவர்கள் முதலிலிருந்து படியுங்கள். சிறு வயதிலிருந்தே சொல்லிவருபவர்கள் நேராக "அந்த ஒரு பெயர்" என்ற பகுதிக்குப் போகலாம்; பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள்தான் அங்கே அதிகம் வழுக்குகிறோம்.

கையில் இருக்கும் மாலை

வழக்கமான செபமாலையில் 59 மணிகள். அவற்றில் 53 சிறியவை. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும் அருள் நிறைந்த மந்திரத்துக்கு உரியவை. அதனால்தான் நம் ஊரில் இதற்கு "ஐம்பத்து மூன்று மணி" என்றே பெயர். மீதி 6 பெரிய மணிகள், இயேசு கற்பித்த பரலோக மந்திரத்துக்கு. இயேசு, மாதா வாழ்விலிருந்து நாம் தியானிக்கும் நிகழ்ச்சிகளே தேவ இரகசியங்கள். அவற்றின் பழைய மூன்று வரிசைகளையும் ஒரே மூச்சில் சொன்னால் 153 மணி ஆகும்: 150 மணியும் தொடக்கத்து 3 மணியும். நான்காம் வரிசையான ஒளியின் இரகசியங்களையும் சேர்த்துச் சொல்பவர்கள் 203 மணி என்பார்கள்.

மாலையைக் கையில் எடுத்து, கீழே தொங்கும் பாடுபட்ட சுரூபத்திலிருந்து மேலே வாருங்கள். சிலுவை, ஒரு பெரிய மணி, மூன்று சிறிய மணி, மறுபடி ஒரு பெரிய மணி, பிறகு மாதா படம் பதித்த பதக்கம். இதுவரை தொங்கல். பதக்கத்திலிருந்து வட்டம் தொடங்குகிறது: பத்துச் சிறிய மணி, ஒரு பெரிய மணி, பத்து, ஒன்று என்று சுற்றி வந்து ஐந்தாவது பத்து மணியோடு மீண்டும் பதக்கத்தில் முடியும். வட்டத்துக்குள் நான்கு பெரிய மணிகள்தாம் இருக்கும். "ஐந்து இரகசியத்துக்கு ஐந்து பெரிய மணி இல்லையே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதல் இரகசியத்துக்கான பெரிய மணி தொங்கலிலேயே, பதக்கத்துக்குக் கீழே இருக்கிறது. புதிதாகச் சொல்பவர்கள் முதன்முதலில் தடுமாறும் இடமும் இதுதான்.

150 என்ற எண்ணுக்குக் காரணம் விவிலியத்தின் சங்கீதங்கள் என்னும் திருப்பாடல்கள். துறவற மடங்களில் 150 சங்கீதங்களையும் ஓதினார்கள். எழுத்தறியாத மக்கள் அதற்கு ஈடாகப் பரலோக மந்திரத்தையும், பின்னர் அருள் நிறைந்த மந்திரத்தையும் மணிகளில் எண்ணிச் சொன்னார்கள். செபமாலையை ஏழைகளின் சங்கீத மாலை என்று சொல்வது இதனால்தான்.

மாலை வாங்கும்போது அழகைவிட மணியின் அளவையும் இடைவெளியையும் பாருங்கள். இருட்டில் விரலால் தடவினாலே பெரிய மணியும் சிறிய மணியும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். எல்லா மணியும் ஒரே அளவில் இருந்து நிறம் மட்டும் மாறும் மாலைகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கண்ணை மூடிச் செபிப்பவருக்கு உதவாது. முதியவர்களுக்கு மர மணி அல்லது முடிச்சுப் போட்ட நூல் மாலை நல்லது; வழுக்காது, எடையும் குறைவு. கண்ணாடி மணி மாலை கனமானது, அதன் கம்பிக் கண்ணிகள் சீக்கிரம் விரியும். பயணத்துக்குப் பத்து முனைப்புகள் உள்ள மோதிரச் செபமாலை போதும். எதுவும் கையில் இல்லையென்றால் பத்து விரல் இருக்கிறது.

வாங்கிய மாலையைக் குருவிடமோ திருத்தொண்டரிடமோ கொடுத்து மந்திரித்துக்கொள்ளுங்கள், அதாவது ஆசீர்வதித்து வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரிக்காத மாலையிலும் செபிக்கலாம், செபம் செபம்தான்.

தொங்கலைச் சொல்லும் முறை

சிலுவையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரைந்து, அப்படியே பிடித்தபடி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுங்கள். இங்கே சொல்வது குறுகிய அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். ஞாயிறு பூசையில் சில இடங்களில் சொல்லும் நீண்ட நிசேயா பிரமாணம் அல்ல.

முதல் பெரிய மணியில் பரலோக மந்திரம். அடுத்த மூன்று சிறிய மணிகளுக்கும் தமிழ் மரபில் தனித்தனி விண்ணப்பம் உண்டு. முதல் மணியில், பிதாவாகிய சர்வேசுரனுக்குக் குமாரத்தியாயிருக்கிற தேவமாதாவிடம் விசுவாசம் என்னும் புண்ணியத்துக்காக மன்றாடி, ஒரு அருள் நிறைந்த மந்திரம். இரண்டாவதில், சுதனாகிய சர்வேசுரனுக்குத் தாயாராயிருக்கிற தேவமாதாவிடம் நம்பிக்கைக்காக. மூன்றாவதில், பரிசுத்த ஆவியாகிய சர்வேசுரனுக்கு நேசமுள்ளவளாயிருக்கிற தேவமாதாவிடம் தேவ சிநேகத்துக்காக. மகள், தாய், நேசத்துக்குரியவள் என்று மூவொரு கடவுளோடு மாதாவுக்குள்ள உறவு முழுவதும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. வெறும் மூன்று மந்திரங்களை மட்டும் சொல்லித் தாண்டிப் போகிறவர்கள் இந்த விண்ணப்பங்களைக் கற்றுக்கொண்டால் தொடக்கமே வேறாக இருக்கும்.

இங்கே ஒரு சொற்குழப்பம் வரும். பழைய செபப் புத்தகங்களில் "விசுவாசம், நம்பிக்கை, தேவ சிநேகம்". புதிய மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". பழையதில் இரண்டாவதாக வரும் "நம்பிக்கை" புதியதில் முதலாவதாக வந்துவிடுகிறது! பாட்டி பழைய முறையிலும் பேத்தி புதிய முறையிலும் சொன்னால், ஒரே சொல்லை வைத்து இருவரும் வேறு வேறு வரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். குடும்பமாகச் சொல்லும்போது முதலிலேயே ஒரு முறையை முடிவு செய்துகொள்ளுங்கள். எதுவானாலும் தவறில்லை. பாதி பழையது, பாதி புதியது என்று கலப்பதுதான் ஒத்துவராது.

மூன்று மணியும் முடிந்ததும் திரித்துவத் துதி: "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக." அத்தோடு தொங்கல் முடிந்தது. விரல் இப்போது பதக்கத்துக்குக் கீழே உள்ள பெரிய மணியில் இருக்க வேண்டும்.

ஒரு பத்து மணி

முதலில் தேவ இரகசியத்தை அறிவிக்க வேண்டும்: "முதல் சந்தோஷ தேவ இரகசியம்: கபிரியேல் தூதர் கன்னி மரியாயிக்கு மங்கள வார்த்தை சொன்னதைத் தியானித்து..." அறிவித்ததும் உடனே பரலோக மந்திரத்துக்குப் பாய வேண்டாம். மூன்று மூச்சு அளவு சும்மா இருங்கள். நேரம் இருந்தால் அந்த நிகழ்ச்சிக்குரிய நற்செய்தி வரிகளை வாசிக்கலாம். அந்த அமைதி இல்லாவிட்டால் அறிவித்தது அறிவிப்பாகவே நின்றுவிடும்.

பிறகு பெரிய மணியில் பரலோக மந்திரம், பத்துச் சிறிய மணியில் பத்து அருள் நிறைந்த மந்திரம், அடுத்த பெரிய மணிக்கு முன் உள்ள சங்கிலியில் திரித்துவத் துதி. அதன்பின் பெரும்பாலானோர் "ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று தொடங்கும் பாத்திமா செபத்தைச் சொல்வார்கள். இது 1917இல் போர்த்துக்கல் நாட்டுப் பாத்திமாவில் மாதா மூன்று சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கட்டாயம் அல்ல, ஆனால் நம் பக்கம் ஊறிப்போய்விட்டது.

பத்து முடிந்ததும் "அப்பாடா" என்று குரலை இறக்கித் திரித்துவத் துதியை முணுமுணுத்துத் தள்ளுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அது சரியல்ல. ஒவ்வொரு பத்தின் உச்சமே அந்தத் துதிதான். கிறிஸ்துவின் வாழ்வைத் தியானித்த மனம் மூவொரு கடவுளைப் போற்றி நிற்கும் இடம் அது. கூட்டாகச் சொல்லும்போது அந்த ஒரு வரியைப் பாட்டாகப் பாடிப் பாருங்கள், பத்து மணியின் எடையே மாறிவிடும். நின்றுகொண்டு சொல்வது, தலை வணங்கிச் சொல்வது என்பவையும் நல்ல பழக்கங்கள்.

இரண்டாவது இரகசியத்தை வட்டத்தின் முதல் பெரிய மணியில் தொடங்கி, இதே போல ஐந்து பத்தையும் முடியுங்கள்.

அந்த ஒரு பெயர்

அருள் நிறைந்த மந்திரத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி நற்செய்தியிலிருந்து வந்தது: கபிரியேல் தூதரின் வாழ்த்தும் எலிசபெத்தம்மாளின் வாழ்த்தும். இரண்டாம் பாதி திருச்சபையின் மன்றாட்டு. அது இன்றைய வடிவில் 1568இல் வெளிவந்த உரோமைக் கட்டளைச் செபப் புத்தகத்தில் நிலைபெற்றது. இரண்டு பாதிகளையும் இணைக்கும் கீல் இயேசுவின் திருப்பெயர். 2002ஆம் ஆண்டு அக்டோபர் 16இல் செபமாலை பற்றி எழுதிய திருத்தூது மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை அழுத்திச் சொன்னார்: அவசரமாகச் சொல்லும்போது இந்த மையமே காணாமல் போய்விடுகிறது.

தமிழில் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். இலத்தீனில் முதல் பாதியின் கடைசிச் சொல்லே "இயேசு"தான். அங்கே குரல் தானாக நிற்கும். தமிழ் வாக்கிய அமைப்பில் அந்தப் பெயர் நடுவில் புதைந்திருக்கிறது: "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசி பெற்றவரே." பெயருக்குப் பிறகும் சொற்கள் வருகின்றன. எனவே வேகம் கூடக்கூட, "கனியாகியேசுவாசிபெற்றவரே" என்று ஒரே சங்கிலியாகி, பெயர் விழுங்கப்பட்டுவிடும். கூட்டுச் செபத்தில் இன்னொரு கேடும் சேர்கிறது. முதல் அணியினர் "ஆசி" என்று தொடங்கும்போதே எதிர் அணியினர் "புனித மரியே" என்று எடுத்துவிடுவார்கள். அப்புறம் மாதாவின் பெயர்தான் கேட்கும், மகனின் பெயர் கேட்காது.

இதற்கு மருந்து எளிது. "கனியாகிய" என்ற சொல்லுக்குப் பின் ஒரு நொடி நிறுத்தி, "இயேசுவும்" என்பதைத் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். மொத்தத்தில் ஒரு மணிக்கு ஒரு நொடி என்று வைத்தால் 53 நொடிகள்தாம் கூடும்.

இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரஷியாவின் தோமினிக் என்ற கார்த்தூசியத் துறவி, இயேசுவின் பெயரோடு அவருடைய வாழ்வின் நிகழ்ச்சி ஒன்றைக் குறிக்கும் சிறு தொடரைச் சேர்த்துச் சொல்லும் முறையைப் பரப்பினார். செருமன் மொழி பேசுவோர் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள்; திருத்தந்தையின் அந்த மடலும் இதைப் பாராட்டுகிறது. தமிழுக்கு இது கைவந்த முறை. நம் மொழியில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவதால், தொடர் நேராக வந்து பெயரில் இறங்கும்: "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக முள்முடி சூட்டப்பட்ட இயேசுவும் ஆசி பெற்றவரே." கானாவூர் இரகசியத்தில், "தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய இயேசுவும்". உயிர்ப்பில், "சாவை வென்று எழுந்த இயேசுவும்". தனியாகச் செபிக்கும்போது முயன்று பாருங்கள். பராக்கை அடக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். கூட்டாகச் சொல்லும் இடத்தில் மட்டும் முன்னறிவிப்பு இல்லாமல் புகுத்த வேண்டாம், பதில் சொல்பவர்கள் தடுமாறுவார்கள்.

எந்தக் கிழமைக்கு எது

திங்களும் சனியும் சந்தோஷ தேவ இரகசியங்கள். செவ்வாயும் வெள்ளியும் துக்க இரகசியங்கள். புதனும் ஞாயிறும் மகிமை இரகசியங்கள். வியாழன் ஒளியின் இரகசியங்கள். 2002க்கு முன் ஒளியின் இரகசியங்கள் இல்லை. அப்போது வியாழனுக்குச் சந்தோஷமும் சனிக்கு மகிமையும் இருந்தன. பழைய புத்தகம் வைத்திருக்கும் பெரியவர்கள் வியாழக்கிழமை மங்கள வார்த்தையைத் தொடங்கினால் திருத்தப் போகாதீர்கள். ஒளியின் இரகசியங்களைச் சேர்த்த திருத்தந்தை அவற்றை அவரவர் விருப்பத்துக்கு விட்டார், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கிழமை தவறிச் சொன்னதால் செபம் செல்லாமல் போகாது.

சந்தோஷம்: மங்கள வார்த்தை, எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, இயேசு பிறந்தது, கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது, காணாமற்போனவரைக் கோவிலில் கண்டது. ஐந்தும் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில் வரிசையாகக் கிடைக்கும். ஒளி: யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்க் கலியாணம், இறையாட்சியை அறிவித்து மனமாற்றத்துக்கு அழைத்தது, மலைமேல் உருமாறியது, நற்கருணையை ஏற்படுத்தியது. துக்கம்: பூங்காவனத்தில் இரத்த வியர்வை, கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது, முள்முடி, சிலுவை சுமந்தது, சிலுவையில் உயிர்விட்டது. மகிமை: உயிர்ப்பு, விண்ணேற்றம், பரிசுத்த ஆவியின் வருகை, மாதா ஆன்ம சரீரத்தோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, விண்ணக மண்ணக அரசியாக முடிசூட்டப்பட்டது.

தியானம் என்றால் பெரிய சிந்தனை எதுவும் வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் போய் நிற்பதுதான். சந்தோஷ இரகசியங்களில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மரியா நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு விரைந்து நடக்கிறாள். முதல் மூன்று மணி அந்த வழி நடைக்கு. நான்காவது மணியில் வாசலில் வந்து நின்று குரல் கொடுக்கிறாள். வயதான காலத்தில் கருவுற்ற எலிசபெத்து உள்ளேயிருந்து அதைக் கேட்கிறாள், வயிற்றில் பிள்ளை துள்ளுகிறது. உரத்த குரலில் என்ன சொல்கிறாள்? "பெண்களுக்குள் நீர் ஆசி பெற்றவர், உம் வயிற்றில் வளரும் குழந்தையும் ஆசி பெற்றதே!" நீங்கள் அந்த நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருக்கும் மந்திரத்தில் இருப்பதும் அவளுடைய இந்த வாய்ச்சொல்தான். அடுத்த மணிகளை அவளோடு சேர்ந்து, அந்த வாசலில் நின்றே சொல்லுங்கள். கடைசி இரண்டு மணிக்கு, மரியா அங்கே தங்கிய மூன்று மாதம்: நீர் மொண்டதும் மாவு பிசைந்ததும் இருக்கட்டும். பத்து மணி எப்போது முடிந்தது என்றே தெரியாது.

ஒவ்வொரு மணிக்கும் புதுக் காட்சி தேடினால் களைத்துப்போவீர்கள். ஒரு பத்துக்கு ஒரு காட்சி, அதில் இரண்டு மூன்று அசைவுகள் போதும்.

முடிக்கும் செபங்கள்

ஐந்தாவது பத்து முடிந்து விரல் பதக்கத்துக்குத் திரும்பியதும் தமிழ் மரபில் காணிக்கைச் செபம் வரும்: அதிதூதரான மிக்கேலையும், தேவதூதர்களான கபிரியேல், இரபேலையும், அப்போஸ்தலர்களான பேதுரு, பவுல், யோவானையும் அழைத்து, "நாங்கள் எத்தனை பாவிகளாயிருந்தாலும்" நாங்கள் வேண்டிக்கொண்ட இந்த ஐம்பத்து மூன்று மணிச் செபத்தை உங்கள் தோத்திரங்களோடு கூட்டித் தேவமாதாவின் திருப்பாதத்தில் காணிக்கையாக வையுங்கள் என்று கேட்பது. பராக்கோடு சொன்ன மணிகளுக்கும் இங்கே இடம் இருக்கிறது. நம் ஓட்டைச் செபத்தைத் தேவதூதர்களின் தோத்திரத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம். இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மாதா பிரார்த்தனை. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அழைப்புகளைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. "விடியற்காலத்தின் நட்சத்திரமே", "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே", "பாவிகளுக்கு அடைக்கலமே" என்ற மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் உள்ளது வேளாங்கண்ணி மாதாவின் பெயரே. 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பிரார்த்தனையில் மூன்று அழைப்புகளைச் சேர்த்தார். இரக்கத்தின் தாய், எதிர்நோக்கின் தாய், புலம்பெயர்ந்தோரின் ஆறுதல் என்பது அவற்றின் பொருள். பழைய புத்தகங்களில் இவை இருக்காது, ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க" என்ற மந்திரம். சிலர் இதைப் பிரார்த்தனைக்கு முன்பே சொல்வார்கள், அதுவும் சரி.

வீட்டிலும் அன்பியத்திலும்

ஒரு அருள் நிறைந்த மந்திரத்தை நிதானமாகச் சொல்ல 12 முதல் 15 நொடி ஆகும். 53 மணிக்கும் சுமார் 12 நிமிடம். பரலோக மந்திரம், துதி, அறிவிப்பு, அமைதி சேர்த்தால் 20 நிமிடம். மாதா பிரார்த்தனையோடு 25. உங்கள் வீட்டுச் செபமாலை 12 நிமிடத்தில் மொத்தமாக முடிந்துவிட்டால் எங்கோ சொற்கள் கொட்டிப்போகின்றன என்று பொருள்.

நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்தால் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள்; சாப்பாட்டுக்கு முன் வைப்பது நல்லது. கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பீடத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. அலையும் கண்ணுக்கு நிற்க ஓர் இடம் அது.

ஒருவர் முதல் பாதி, மற்றவர்கள் இரண்டாம் பாதி. ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னின்று சொல்லட்டும்: அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பிள்ளைகள் ஒன்றொன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முழு 53 மணியையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பத்து மணியைக் கொடுத்து, அதை அது முடிக்கும்வரை காத்திருங்கள். ஒன்பதில் நிறுத்தினாலும் பதினொன்று சொன்னாலும் நடுவில் திருத்தாதீர்கள்.

கூட்டமாகச் சொல்லும்போது வேகத்தை முன்னிற்பவர் அல்ல, பதில் சொல்லும் கூட்டமே முடிவு செய்கிறது. வேகம் ஏறிக்கொண்டே போனால் முன்னிற்பவர் இன்னும் மெதுவாகவும், சற்றுத் தாழ்ந்த குரலிலும் தொடங்க வேண்டும். உரக்கச் சொல்லி அடக்கப் பார்த்தால் எதிர்ப்பக்கமும் உரக்கும். அக்டோபர் செபமாலை மாதத்தில் அன்பியங்கள் (பங்கில் அண்டை வீட்டார் சேர்ந்த குழுக்கள்) வீடுவீடாக மாதா சுரூபத்தை எடுத்துச் சென்று சொல்லும்போது இது அடிக்கடி நேரும். ஒலிபெருக்கி வைத்தால், பதில் முழுமையாக முடியும்வரை முன்னிற்பவர் காதில் வாங்கிக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலிபெருக்கிக் குரல் கூட்டத்தை விழுங்கிவிடும்.

இறந்தவர் வீட்டில் துக்க இரகசியங்களைச் சொல்வது வழக்கம். பல ஊர்களில் திரித்துவத் துதிக்குப் பதிலாக, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் சுவாமி" என்று சொல்வார்கள். அங்கே வேற்று மதத்தாரும் வந்து அமர்ந்திருப்பார்கள். ஆகவே இரகசியத்தை அறிவிக்கும் வரியை இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை தவறினால், பராக்கு வந்தால்

எண்ணிக்கை தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் விரல் மந்திரத்துக்கு முன்னால் ஓடுவதுதான். மந்திரம் "ஆமென்" என்று முடிந்த பிறகே அடுத்த மணிக்கு நகருங்கள். எந்த மணியில் இருந்தோம் என்று மறந்துவிட்டால் பத்தை மறுபடி தொடங்க வேண்டாம். தோன்றும் மணியிலிருந்து தொடருங்கள். மணிகள் இருப்பதே எண்ணும் வேலையை மனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான்.

பராக்கு வந்ததை உணர்ந்ததும் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் அது இரண்டாவது பராக்கு. உணர்ந்த மணியிலேயே இயேசுவின் பெயரை மெதுவாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். மனம் ஒரே ஆளை, ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றிப் போனால், அவரையே அந்தப் பத்து மணியின் கருத்தாக வைத்துவிடுங்கள், கவலை மன்றாட்டாகிவிடும். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவே, தனியாகச் செபமாலை சொல்வது தமக்கு எவ்வளவு கடினம் என்று எழுதி வைத்திருக்கிறார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல், தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று எச்சரித்தார். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்: முயற்சி வேண்டும், முயன்றும் தவறினால் மனம் உடையவும் வேண்டாம்.

ஐந்து பத்தையும் ஒரே அமர்வில் சொல்ல இயலாதவர்கள் காலையில் ஒரு பத்து, பேருந்தில் ஒரு பத்து என்று பிரித்துச் சொல்லலாம். பாவத்துக்குரிய தண்டனையை முழுவதும் நீக்கும் பரிபூரண பலன் பெற விரும்பினால் மட்டும் கவனம் தேவை. ஆலயத்திலோ குடும்பமாகவோ துறவற இல்லத்திலோ பக்த சபையிலோ, ஐந்து பத்தையும் இடைவிடாமல், வாய்விட்டு, தியானத்தோடு சொல்ல வேண்டும். வழக்கமான நிபந்தனைகளும் உண்டு: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்று இல்லாத மனம்.

இதே மாலையில் இறை இரக்கச் செபமாலையையும் சொல்லலாம், ஆனால் மந்திரங்கள் வேறு. இரண்டையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். வியாகுல மாதா செபமாலைக்கு மாலையே வேறு, ஏழு ஏழு மணியாக ஏழு பிரிவு கொண்டது.

மாலை அறுந்தால்

கம்பி மாலை பெரும்பாலும் பதக்கத்தில்தான் அறும். மூன்று பக்கச் சங்கிலியும் இழுக்கும் இடம் அது. விரிந்த கண்ணியை இரு சிறு கொறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மறு முனையை பின்னுமாகத் திருகித் திறங்கள். மாட்டியபின் அதே வழியில் திருகி மூடுங்கள். இரு பக்கமும் இழுத்து அகட்டினால் வளையம் வடிவம் கெட்டு மறுபடி மூடாது. நூல் மாலை என்றால் நைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்டாமல், புது நைலான் நூலில் முழுவதையும் கோத்துவிடுவது நல்லது. கோக்கும்போது பத்துப் பத்தாகத் தனிக் கிண்ணங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணி உள்ள பத்து அப்படிப் பிரிக்காதபோதுதான் உருவாகிறது! ஒன்றிரண்டு கண்ணி மாற்றியதால் மந்திரிப்பு போய்விடாது.

முற்றிலும் சிதைந்து இனிப் பயன்படாது என்றாகிவிட்ட மந்திரித்த மாலையைக் குப்பையில் போடக் கூடாது. மர மணியும் நூலும் ஆனால் எரித்துச் சாம்பலை மண்ணில் இடலாம். கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஆனால் கால் படாத இடத்தில், செடியடியில் புதைத்துவிடுங்கள். புதைக்கும் முன் பாடுபட்ட சுரூபத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் புது மாலையில் மாட்டிக்கொள்ளலாம். பல வீடுகளில் தாத்தாவின் சிலுவை பேரனின் மாலைக்கு வந்து சேர்வது இப்படித்தான்.